தண்ணீர் ஊற்றாத சட்டி

வெற்றிச்செல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஒரு மனுஷி இவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? இருந்துவிட்டு இப்படி அடிபட வேண்டிய அவசியம்தான் என்ன? வாயால் சொல்ல ஆரம்பித்தால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அவள் தலைமையாசிரியை, நான் உதவி ஆசிரியை. எங்கள் இரண்டு பேரோடு சரி அந்தத் தொடக்கப் பள்ளி. வேப்பந்தட்டையிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் இருக்கிற ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற ஊர். நான் சிறுவாச்சூரிலிருந்து வண்டியில் வந்து போவேன். வெற்றி அந்த ஊர்க்காரியே. அவளுடைய அப்பா முத்துவேல் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்றவர். சாமி இல்லை என்று கடைசிவரை சொன்னவர். மகளை இதே பள்ளியில் சேர்த்து, பின்னால் ஆசிரியர் பயிற்சிக்கும் அனுப்பி, அவள் வேலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செத்தார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள் வெற்றி. வீட்டில் அவளும் அம்மா காத்தாயியும்தான்.

என்னைவிட மூத்தவள். பிள்ளைகள் முன்னால் டீச்சர் என்பேன், மற்ற நேரம் அக்கா.

காந்தம் இரும்பை இழுக்கும் என்று மூன்றாம் வகுப்பில் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். ஆனால் ஒரு காந்தத்தைக் கையால் தொட்டது பயிற்சிப் பள்ளியில்தான், பத்தொன்பது வயதில். அதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு முகம் சிவந்துவிடும். "முதல்ல அழுகை வந்துச்சு மணி. அப்புறம் கோவம் வந்துச்சு. இத்தினியூண்டு இரும்புத் துண்டு. இதைக்கூடவா எங்க கையில குடுக்கக் கூடாது?"

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் எங்கள் வெள்ளிக்கிழமை மதியங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். ஏரிக் களிமண்ணில் ஆடு மாடு செய்வார்கள். கொட்டாங்கச்சியில் தராசு கட்டி வெங்காயம் நிறுப்பார்கள். பழைய சேலையில் பொம்மை தைத்து நாடகம் போடுவார்கள். வாசலில் குச்சி நட்டு நிழலை அளப்பார்கள். ஒருமுறை வேன் பிடித்து எல்லாரையும் அரியலூர்ப் பக்கம் அழைத்துப்போய், கல்லாய்ப் போன நத்தையையும் சங்கையும் காட்டிக்கொண்டு வந்தோம். அன்றிலிருந்து ஊரில் வீடு கட்டுகிறவன் ஒருத்தனும் ஜல்லி கொட்டி வைக்க முடியவில்லை. அத்தனையையும் கிளறிவிட்டு, "டீச்சர், இது நத்தையா பாருங்க" என்று எங்கள் மேசையில் கொண்டுவந்து குவித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பறையைக் கழுவிவிடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். திட்டிக்கொண்டே கழுவுவேன்.

ஊரில் கேலி பேசாமல் இல்லை. "ஏன் டீச்சர், நாங்க பிள்ளைய படிக்க அனுப்புறமா, நாத்து நட அனுப்புறமா?" என்று ஒரு அப்பா சேறான சட்டையைத் தூக்கிக் காட்டினார். வெற்றி சிரித்துக்கொண்டே, "ரெண்டும்தாங்க" என்றாள்.

சிரிப்பெல்லாம் வெளியேதான். உள்ளுக்குள் அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. காலையில் ஊர் முனையில் மஞ்சள் வேன் வந்து நிற்கும். டை கட்டிய பிள்ளைகள் அதில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போவார்கள். ஒவ்வொரு ஜூனிலும் எங்களிடமிருந்து இரண்டு மூன்று பேர் அந்த வேனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "இன்னும் குறைஞ்சா பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்க்க வேண்டி வரும், பார்த்துக்குங்க" என்று கல்வி அலுவலகத்தில் எங்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். சேர்ப்பது என்றால் எங்கள் கதவுக்குப் பூட்டு. பக்கத்து ஊருக்கு லாரி போகிற சாலையில் நடக்க வேண்டும். வேனுக்கு வழியில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அந்த வீட்டுப் பெண்பிள்ளைதானே.

அதற்காகத்தான் அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு கண்காட்சி வைத்தாள். பிள்ளைகள் செய்ததையெல்லாம் பெற்றோர் வந்து பார்க்கட்டும். வேனில் அனுப்பிக்கொண்டிருந்த மூன்று வீட்டுக்காரர்கள், "வந்து பார்க்குறோம் டீச்சர், புடிச்சிருந்தா இங்கயே சேர்த்துடுறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று பேர் வந்துவிட்டால் பள்ளி பிழைத்துவிடும். அவளுக்கு ராத்திரி தூக்கமில்லை.

கண்காட்சியில் விதை முளைக்கிற சோதனையும் ஒன்று. வருடா வருடம் செய்வதுதான். பிளாஸ்டிக் டம்ளரில் பயறு போட்டு, ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைப்போம், ஒன்றை இருட்டில் வைப்போம், ஒன்றுக்குத் தண்ணீரே ஊற்றமாட்டோம். எது முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்ல வேண்டும். மற்ற வருடங்களில் டிசம்பர் வாக்கில் செய்வோம். இந்த வருடம் கண்காட்சிக்காக ஆடியில் செய்தோம். அழகாக இருக்கட்டும் என்று டம்ளருக்குப் பதில் மண்சட்டி வாங்கி வந்தாள் வெற்றி. பெற்றோர் பார்த்து மகிழட்டும் என்று ஒவ்வொரு சட்டியிலும் ஒரு பிள்ளையின் பெயரைச் சுண்ணாம்பால் எழுதவைத்தாள். பயறு வாங்கிவரச் சொன்னபோது பிள்ளைகள் வீட்டிலிருந்து நவதானியம் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் அந்த வாரம் எல்லார் வீட்டிலும் அதுதான் இருந்தது.

ஊரே மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுகிற வாரம் அது. வீட்டுக்கு ஒரு மண்சட்டி. அதில் நவதானியம் விதைத்து, கோயிலை ஒட்டிய இருட்டறையில் வைத்து, விரதம் இருந்து தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். முளை அடர்த்தியாக வந்தால் அந்த வீடு தழைக்கும். வராமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வெற்றிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தெரிவது வேறு, மனதில் உறைப்பது வேறு. முத்துவேல் வீட்டில் ஒருநாளும் முளை போட்டதில்லை. அவளுக்கு அது யாரோ செய்கிற திருவிழா வேலை, இது அறிவியல் பாடம்.

தண்ணீர் ஊற்றாத சட்டி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினாள். நர்மதாவுக்கு வந்தது. நான்காம் வகுப்பு. எதையும் ஏன் என்று கேட்காமல் விடாத குட்டி. உதட்டைப் பிதுக்கினாள். வெற்றி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏய், உன் சட்டிதான்டி இதுல ரொம்ப முக்கியம். உன் சட்டி இல்லைன்னா மத்த சட்டியெல்லாம் எதையும் நிரூபிக்காது" என்றாள். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது அவள் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிடப் போகிறார்கள் என்று காவல் இருந்தாள்.

விதை போட்ட இரண்டாம் நாள், நர்மதாவின் அப்பா கலைச்செல்வன் பைக்கில் வெங்காய மூட்டை வைத்துக்கொண்டு போனவர், சாலையில் விழுந்து தலையில் அடிபட்டார். ஆம்புலன்ஸில் கூட ஏறிப் போனது வெற்றிதான். திருச்சியில் ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். ஆள் கண் திறக்கவில்லை. மனைவி தமிழ்மொழி அங்கேயே ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாள். நர்மதாவை வெற்றி தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். தலைவாரி, சோறு போட்டு, பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். சட்டியைப் பற்றி எங்கள் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

கண்காட்சி அன்று பள்ளி கல்யாண வீடு மாதிரி இருந்தது. வேன் வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் கொட்டாங்கச்சித் தராசில் தன் சாவிக்கொத்தை நிறுத்துப் பார்த்து, "பரவால்லயே, நம்ம பய இதெல்லாம் அங்க செய்யலையே" என்று மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் வெற்றியைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அப்போதுதான் தமிழ்மொழி வந்தாள். மகள் போனில் கெஞ்சியிருந்தாளாம், "அம்மா, என் சட்டிதான் முக்கியம், வந்து பாரும்மா" என்று. காலை பஸ் பிடித்து, தலைகூட வாராமல், ஆஸ்பத்திரி வாடையோடு வந்து நின்றாள். நர்மதா ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சட்டிகள் முன்னால் நிறுத்தினாள். பச்சையும் வெளிர்மஞ்சளுமாக முளைவிட்ட சட்டிகள். நடுவில் ஒன்று வறண்ட மண்ணாக. அதில் நர்மதா என்று அவள் கையாலேயே எழுதிய பெயர். பிள்ளை நிமிர்ந்து நின்று, மனப்பாடம் செய்ததைக் கணீரென்று சொன்னாள். "இது என்னுடைய சட்டி. இதற்கு நான் ஒருநாள்கூடத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆகவே இது முளைக்கவில்லை."

தமிழ்மொழி கத்தவில்லை. முதலில் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஐயோ, என் வூடு போச்சே" என்றாள்.

கூட்டம் கூடிவிட்டது. "ஊரே அம்மனுக்கு முளை போட்டிருக்குற வாரத்துல, இப்படியா பிள்ளை பேரை எழுதிக் காய வைப்பாங்க?" என்றாள் ஒருத்தி. வெற்றி ஓடிவந்து தமிழ்மொழியின் தோளைப் பிடித்தாள். "தமிழு, இங்க பாரும்மா. இதுக்கு வேற அர்த்தம் எதுவும் இல்ல. தண்ணி ஊத்தல, அதனால முளைக்கல. அவ்ளோதான். நாங்க வேணும்னுதான் ஊத்தாம விட்டோம்."

எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

தமிழ்மொழி நிமிர்ந்து பார்த்தாள். "வேணும்னா?"

"பிள்ளைங்களுக்குப் புரியணும்னு..."

"தெரிஞ்சேவா டீச்சர்? என் பிள்ளை பேரை எழுதி, அவங்கப்பா அங்க உசிருக்கு இழுத்துக்கிட்டு கெடக்கையில, தெரிஞ்சேவா தண்ணி ஊத்தாம விட்டீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். தானாக முளைக்கவில்லை என்றால் அது கெட்ட நேரம். நாங்கள் முளைக்கவிடவில்லை என்றால் அது பாவம். வெற்றி சொன்ன உண்மை, அவள் மௌனமாக இருந்திருந்தால் வந்திருக்கும் பழியைவிடப் பெரிய பழியாக வந்து விழுந்தது. தமிழ்மொழி மகளை இழுத்துக்கொண்டு போனாள். வேன் வீட்டுக்காரர்கள் எப்போது போனார்கள் என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை நர்மதா வரவில்லை, பாட்டி வீட்டில் விட்டிருக்கிறார்களாம். அப்புறம் இன்னொரு பிள்ளை, அதன் தம்பி என்று ஒவ்வொருவராக நின்றார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. "சளி புடிச்சிருக்கு டீச்சர்", "அவங்க மாமா வூட்டுக்குப் போயிருக்கா" என்று மரியாதையாகவே சொன்னார்கள். சண்டை போட்டிருந்தால் நானாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

வெற்றி சனி ஞாயிறில் திருச்சிக்குப் போனாள். சோறு கட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் தமிழ்மொழி பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாளாம். தமிழ்மொழி சாப்பிடுவாள், பேசமாட்டாள். ஒருநாள் மட்டும், "அவரு கண்ணு முழிக்கட்டும் டீச்சர். அப்புறம் பேசிக்கலாம்" என்றாளாம். அதைப் பிடித்துக்கொண்டாள் வெற்றி. கலைச்செல்வன் கண் விழித்தால் தமிழ்மொழி மனம் இறங்குவாள், நர்மதா வருவாள், நர்மதா வந்தால் மற்றவர்களும் வருவார்கள். பள்ளியின் உயிர் அந்தக் கட்டிலில் கிடந்தது. "அவர் முழிச்சா போதும் மணி, எல்லாம் சரியாயிடும்" என்று நாளுக்குப் பத்து தடவை சொன்னாள். சாப்பாடு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டாள்.

எங்கள் சிறுவாச்சூர் அம்மன் கோயிலைச் சாதாரண நாட்களில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை என் மாமியாரோடு போயிருந்தேன். கோயிலிலேயே அரிசி இடித்து மாவிளக்கு போடுகிற பெண்கள் கூட்டத்தில், உரலுக்கு முன்னால் உலக்கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி திணறிக்கொண்டிருந்தாள். இடிக்கத் தெரியவில்லை, மாவு பாதி வெளியே சிதறியது. முகத்தைப் பார்த்தேன். முத்துவேல் மகள்.

"என்னக்கா இது!" என்றேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"திட்டாத மணி. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல." உலக்கையை விடவில்லை. "நான் நம்பலைன்னாலும் தமிழு நம்புறால்ல, அவளுக்காகவாவது போடலாம்ல? அப்பா இருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு."

நான் உலக்கையை வாங்கி மீதியை இடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. வெற்றி போனைக் காதில் வைத்தபடியே கத்தினாள். "மணி! கண்ணு முழிச்சுட்டாராம்! தமிழு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்!" என்னைக் கட்டிக்கொண்டாள். மிச்சமிருந்த பிள்ளைகளோடு வகுப்புக்குள்ளேயே குதித்தாள். கடைக்கு ஆள் அனுப்பி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். பாவி, எவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

மதியம் சத்துணவு சமைக்கிற சுந்தராம்பாள் கரண்டியோடு வந்து எங்கள் முன்னால் தயங்கித் தயங்கி நின்றாள். "ஊருல பேசிக்கிறாங்க டீச்சர். நர்மதாவ இந்தப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துன பொறவுதான் அவங்கப்பனுக்கு உசிரு திரும்புச்சாம்."

வெற்றியின் கையில் பாதி பிரித்த மிட்டாய் இருந்தது. நான்தான் சுந்தராம்பாளைப் பிடித்துத் திட்டித் தீர்த்தேன். அவள் என்ன செய்வாள் பாவம், கேட்டதைச் சொன்னாள். அந்த மனிதர் செத்திருந்தால் எங்கள்மேல் பழி. பிழைத்தாலும் எங்கள்மேல் பழி. எந்தப் பக்கம் போனாலும் கதவு அடைத்துக்கொண்டது.

ஒரு மாதம் கழித்துக் கலைச்செல்வனே வந்தார். தலையில் மொட்டை, ஒரு பக்கம் தையல் தழும்பு, கையில் ஊன்றுகோல். கூட நர்மதா. வெற்றி ஓடிப்போய் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆம்புலன்ஸ்ல நீங்கதான் கூட வந்தீங்கன்னு சொன்னாங்க டீச்சர். நீங்க இல்லைன்னா நான் இன்னைக்கு இல்ல. உங்களை எங்க குலமே மறக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பிள்ளைக்கு டி.சி. மட்டும் குடுத்துடுங்க."

நான் எழுந்துவிட்டேன். "ஏங்க, உங்களுக்கே இது நியாயமாப் படுதா? உசிரைக் காப்பாத்துனவங்கன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம்..."

"மணி, சும்மா இரு" என்றாள் வெற்றி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க டீச்சர். சத்தியமா இல்ல. ஆனா அவளுக்கு இருக்கு. அத்தினி நாளு வராந்தாவுல கெடந்து என்னைப் பார்த்தவ. பிள்ளையைத் திரும்ப அங்க அனுப்புனா மருந்தைக் குடிச்சிடுவேன்னு சொல்றா. நான் என்னங்க பண்ணட்டும்?"

வெற்றி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நர்மதா மெதுவாக வந்து அவள் முந்தானையைப் பிடித்தாள். எப்போதும் ஏன் ஏன் என்று கேட்கிற பிள்ளை, ரகசியம் போலப் பேசியது.

"டீச்சர், நான் ஊத்தியிருக்கலாம்ல? நீங்க வேணாம்னு சொன்னாலும், யாருக்கும் தெரியாம கொஞ்சூண்டு ஊத்தியிருக்கலாம்ல? அப்ப அப்பா விழுந்திருக்க மாட்டாருல்ல?"

வெற்றி திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளின் எத்தனையோ கேள்விக்கு, தெரியாவிட்டால் வா தேடிப் பார்ப்போம் என்றாவது பதில் சொன்னவள். அன்று வெறுமனே பிள்ளையின் தலையைத் தடவினாள். "உன் மேல தப்பே இல்லடி தங்கம்" என்று நான்தான் சொன்னேன். நர்மதா என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கேட்டது வெற்றியிடம்.

டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மற்றவர்கள் வந்து கேட்டபோதெல்லாம் ஏன் என்றுகூடக் கேட்காமல் போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கவில்லை. களிமண் மாடுகள், துணிப் பொம்மைகள், கல் நத்தைகள் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டு உள்ளே வைத்துப் பூட்டினோம். வேனுக்கு வழியில்லாத இரண்டு பெண்பிள்ளைகள் பக்கத்து ஊருக்குக் கொஞ்ச நாள் நடந்து போனார்கள். ஒருத்தி இப்போது ஆடு மேய்க்கிறாள். என்னைப் பெரம்பலூர்ப் பக்கம் போட்டார்கள். தலைமைப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த வெற்றியை உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பள்ளியில் போட்டார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனவள், அவளைப் பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமை மதியம். மற்ற வகுப்புகளில் ஒரே இரைச்சல். அவள் வகுப்பின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கரும்பலகை நிறைய எழுதிப்போட்டிருந்தாள். பிள்ளைகள் குனிந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், காந்தம்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டான். "புத்தகத்துல படம் இருக்கு பாரு. உக்காரு" என்றாள்.

எனக்கு அப்படியே உள்ளே போய் அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் வந்து நின்ற அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். "ரொம்ப நல்ல டீச்சருங்க. கிளாஸ்ல ஒரு சத்தம் கேக்காது."